புறப்பட்ட இடம்

ஜெரால்ட்டன் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
பயணப்படி மேசை என்னுடையது.
மருந்து தெரியாது.
நாடி பிடிக்கத் தெரியாது.
கிலோமீட்டர் தெரியும்.

மீக்கத்தாராவிலிருந்து பெர்த்துக்கு
ஓர் இதயத்தைக் கொண்டுபோக
எழுநூற்று அறுபது.
பிள்ளை பெறவேண்டுமென்றால்
முப்பத்தாறாம் வாரமே ஊரைவிட்டு வந்து
மோட்டல் அறையில்
கெட்டில் வெந்நீரில் நூடுல்ஸ் ஊறவைத்துக்
காத்திருக்க வேண்டும்.

ரசீதுகளைப் படித்துப் படித்து
ஆட்களைத் தெரிந்துகொள்கிறேன்.
விடியல் நாலு பத்துக்கு டீசல்.
ஆறரைக்கு இரண்டு காப்பி.
மூன்று நாள் கழித்துத் திரும்பும் வழியில்
ஒரு காப்பி.
அதை எழுத என் படிவத்தில் கட்டமில்லை.

நூறைத் தொட்டால் பணம் உண்டு.
தொடாவிட்டால்
வருந்துகிறோம் என்று ஒரு கடிதம்,
அச்சடித்தே இருக்கிறது,
பெயரை மட்டும் மாற்றுவேன்.

மெரில் டக்கெட்டுக்கு மூன்று முறை மாற்றினேன்.
மலீவாவுக்கு அந்தண்டை கோதுமைப் பண்ணை,
வலக்கண்ணில் மாதம் ஒரு ஊசி.
தொண்ணூற்றாறு என்றது வரைபடம்.

போனில் அவள் கோபப்படவில்லை.
"உங்கள் படம் என் தபால்பெட்டியோடு நின்றுவிடுகிறது, கண்ணே.
நான் படுக்கிற இடம் இன்னும் நாலு உள்ளே.
நடுவில் மூன்று கேட்.
வண்டி ஓட்டுவது பக்கத்துப் பண்ணை டேரல்.
இறங்கித் திறக்கவேண்டியது
கூட வருகிறவள் வேலை.
ஒற்றைக் கண்ணோடு
சங்கிலியைத் துழாவிப் பார்த்திருக்கிறாயா?"

கூப்பிடு தூரம் என்று ஓர் அளவு உண்டு
எங்கள் பேச்சில்.
மெரில் கூப்பிட்டால்
ஆடுகள் திரும்பிப் பார்க்கும்.

சனிக்கிழமை
ஆஸ்பத்திரி வாசலில் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டு
நானே கிளம்பினேன்.
யாரும் அனுப்பவில்லை.
முதல் கேட்டில் விரல் நசுங்கியது.
இரண்டாவதில் துரு.
மூன்றாவதைத் திறந்து, ஓட்டி, இறங்கி, மூடி,
புழுதியோடு அடுக்களை வாசலில் நிறுத்தினால்
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.

இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் இடக்கண்ணால்.

"கோழிக்கூடு வரைக்கும் ஓட்டேன்"
என்றாள் கடைசியில்.
ஓட்டினேன்.
கோழிகள் சிதறின.
நூறு.

ஆறு முட்டை கொடுத்தாள்,
ஒன்று வழியில் உடைந்தது.

திங்கட்கிழமை காலை
'புறப்பட்ட இடம்' என்ற கட்டத்தில்
கோழிக்கூடு என்று எழுதி
மேலே அனுப்பியிருக்கிறேன்.
வியாழனாகிவிட்டது.
மேலிருந்து இன்னும் யாரும்
எதுவும் கேட்கவில்லை.
விரல் நகம் மட்டும்
கறுத்துக்கொண்டு வருகிறது.