பதினோராயிரம் வோல்ட்

கனவில் நான் அதிக உயரம் பறப்பதில்லை.
கம்பத்தின் நெஞ்சளவு.
இடுப்பு வார் பூட்டியபடியே,
பிளையர் தொடையில் இடிக்க இடிக்க,
பட்டிருப்புப் பாலத்திலிருந்து
வாவியின் மேலே தெற்காக.
இருபத்திரண்டு வருடம் மின்சார சபையில்
ஏறி இறங்கியவனுக்கு
கனவிலும் பாதுகாப்பு விதிகள் உண்டு.

மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை
கம்பியில் மோதி விழுந்தது கூழைக்கடா.
களுவாஞ்சிகுடி ஒருமுறை கண் சிமிட்டியது.
புத்தகத்தில்
‘பறவை. லைன் ட்ரிப். ஆறு நிமிடம்’ என்று எழுதினேன்.
அவ்வளவுக்குத்தான் அதில் இடம் இருந்தது.

மறுகா போய்ப் பார்த்தால்
கண்ணாப் பற்றைக்குள் குந்திக்கொண்டிருக்கிறது
உயிரோடு.
இடது சிறகு
காற்று முறித்த குடை மாதிரித் தொங்குகிறது.
கிட்டப் போனேன்.
அலகால் ஓங்கி ஒரு அடி.
நியாயம்தான்.
அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியவன் நான்.
வாவிக்குக் குறுக்கே போனால்
ஒன்பது கம்பம் மிச்சம் என்று
தாளில் கோடு போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார்.
கோடு கிடக்கிறது.

தயாநிதி டொக்டர் மாட்டு வைத்தியர்.
“எருமைக்குக் கன்று இழுப்பேன், இது எனக்கு ஒண்ணா” என்றபடியே
போனில் யாரையோ கேட்டுக் கேட்டு
முழங்கையோடு எடுத்தார்.
நடுவில் கறண்ட் போனது.
நான் டோர்ச் பிடித்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

வெட்டிய சிறகை நானே புதைத்தேன்.
என் கையைவிட நீளம்.
பாரமே இல்லை.
இவ்வளவு இலேசான ஒன்று போனதற்கா
மிச்ச உடம்பு இப்படி
மண்ணோடு ஒட்டிப்போனது?

இப்போது துறையடியில் இருக்கிறது.
மருதமுனையிலிருந்து மீன் வாங்க வரும் நபாயிஸ்
ஓவசியர் என்று பேர் வைத்தான்.
ஒன்றும் செய்யாமல் வந்து நின்று
எல்லாரையும் பார்க்கிறதாம்.
தோணி கரைதட்டினால் முதல் திரளி ஓவசியருக்கு.
கொடுத்தால் வலை நிறையும் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.
சும்மா கொடுக்கிறார்கள்.

பின்னேரம் ஐந்தரைக்கு
அதன் ஆட்கள் மண்டூர்ப் பக்கம் திரும்பும்போது
ஒன்றரைச் சிறகையும் விரித்துக்கொண்டு
கரை நெடுக ஓடும்.
தண்ணீர் தொடங்கும் இடத்தில் நிற்கும்.
ஒருதரம்தான் பார்த்தேன்.
அதற்குப் பிறகு ஐந்தரைக்கு
எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை லைனை நிறுத்தினோம்.
அனுமதித் தாளில் காரணம்: பராமரிப்பு.
பொய்யில்லை.
சிவப்புக் கான்களைச் சுகிர்தா வட்டம் வட்டமாய் வெட்டி
பெருவிரல் கொப்புளித்திருந்தாள்.
கம்பியை இறக்கினோம்.
பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற கம்பி
ஏழு தோணிக்காரரின் மடியில்
அரைஞாண் கயிறுபோல் கிடந்தது.
வில்வரெத்தினம் அதைத் தடவிப் பார்த்து
“இதுதானா” என்றார்.
ஒவ்வொரு வட்டமாய்ப் பூட்டிக்கொண்டு போனோம்.
கல்யாண வீடொன்றிலிருந்து
கிறைண்டர் ஓடவில்லை என்று ஏச்சு.
பத்து நிமிடம் என்றேன்.
நாலு மணித்தியாலம் ஆனது.

பங்குனியில் இன்னுமொன்று மோதியது.
நீர்க்காகம். இருட்டில்.
சிவப்பு இருட்டுக்குத் தெரியாது என்பதை
நான் யோசிக்கவில்லை.
புத்தகத்தில் அன்று
விளிம்பிலும் எழுதினேன்.

நேற்றுக் கனவில் வாரைக் கழற்றிப் பார்த்தேன்.
உயரவும் இல்லை, விழவும் இல்லை.
முகத்துக்கு நேரே சிவப்பு வட்டங்கள்
காற்றுக்கு ஆடின.
ஒதுங்கிப் போனேன்.
கீழே, துறையடியில் ஓவசியர்.
ஒரு மனிதன் பறக்கிறானே என்று
தலை நிமிர்த்தியதா?
இல்லை.
என் கையில்
மீன் பை இருக்கிறதா என்று பார்த்தது.