எத்தனை நாள்

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்
இருபத்தியேழு அறை லாட்ஜ்.
இரவு கவுன்ட்டர் என்னுடையது.
பதினொன்றுக்கு மேல்
மின்விசிறிக்கும் எனக்கும்தான் வேலை.

பில் போட வைத்திருக்கும் கம்ப்யூட்டரில்
பைத்தான் படிக்கிறேன்.
பாம்பா, என்றார் வாட்ச்மேன் லோகு.
கடிக்காது, சீறும் என்றேன்.

முதல் வாரம் முழுக்கச் சீறல்தான்.
ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனதற்கு
சிவப்பில் நாலு வரி திட்டு.
சொல்லு என்றேன், நிறுத்து என்று சொல்ல மறந்தேன்.
வணக்கம் வணக்கம் வணக்கம் என்று
கல்யாண மண்டப வாசல் பொம்மை மாதிரி
திரை கும்பிட்டுக்கொண்டே இருந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
அன்றைய பில்லும் அதோடு போயிற்று.
முதலாளிக்கு இன்னும் தெரியாது.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குமாம்.
பதின்மூன்றாம் அறைக்கு 12ஏ என்று பெயர் வைத்த
இடத்தில் வேலை செய்கிறவளுக்கு
அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.
வெற்று அடைப்புக்குறியும் ஒரு பட்டியல்தான்
என்றபோது சிரிப்பு வந்தது.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று கேலி கேட்டே வளர்ந்த வேலூர்க்காரி நான்.
உள்ளே ஒன்றுமில்லாததற்கும் பெயர் உண்டு என்று
தனியாகப் படிக்க வேண்டுமா?

நேற்று முடித்தேன், முதல் முழு நிரல்.
பெயர் கேட்கும். அறை கேட்கும்.
எத்தனை நாள் என்று கேட்கும்.
வாடகையால் பெருக்கி
ஒரு கோடு கிழித்துத் தொகை சொல்லும்.

மூன்றேகாலுக்குக் காட்பாடியிலிருந்து ஆட்டோ.
மால்டாக்காரர்கள். நிர்மல் மண்டல்.
மனைவி ஷெஃபாலி
எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு பிடித்தபடி
படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
கித்னா தின், என்றேன் என் லாட்ஜ் இந்தியில்.
அவர் மனைவியைப் பார்த்தார்.
அவள் கவரைப் பார்த்தாள்.
ஜானி நா, என்றார்.
இந்தக் கவுன்ட்டரில்
நான் முதலில் கற்ற வங்காளம் அதுதான்.

என்னதான் செய்யும் பார்ப்போம் என்று
எண் கேட்ட இடத்தில்
தெரியாது என்றே அடித்தேன்.
நிரல் அங்கேயே செத்தது.
சிவப்பைப் பார்த்ததும் அவர்
தான்தான் எதையோ கெடுத்துவிட்டது போல
மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.
இல்லைங்க, தப்பு என்னுது
என்று தமிழில் சொன்னேன். புரிந்திருக்காது.
நோட்டில் எழுதிச் சாவி கொடுத்தேன்.
லோகு பெட்டியோடு மேலே போனார்.

பிறகு உட்கார்ந்தேன்.
முயன்று பார், எண் வராவிட்டால் இப்படிச் செய்
என்று ஒரு வழி இருக்கிறதாம்.
ஒன்பதாம் பாடம். நான் இன்னும் நாலில் இருக்கிறேன்.
தாவினேன்.
பால் வண்டி வரும்போது ஓடியது.

இப்போது தெரியாது என்றால்
அது சாவதில்லை.
ஒரு நாள் வாடகை மட்டும் போட்டுவிட்டு
நாளைக்கு மறுபடி கேட்கிறது.

கேட்கிற அந்த வரியைத்தான்
நாலு தரம் அழித்து எழுதிவிட்டேன்.
எத்தனை நாள் என்பது
கொஞ்சம் கடுமையாகப் படுகிறது.