ஆணிச் செலவு

இந்த நகரத்தில் ஒன்பது அறைகளில் இருந்திருக்கிறேன்.
ஒன்பதிலும் ஒரே சட்டம்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஹம்டன் லேனில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
கல்கிசையில் சத்தியமே வாங்கினார்கள்.
என் கலண்டர் எப்போதும் கதவுக் கைபிடியில் தொங்கியது.
கதவு திறக்கும்போதெல்லாம்
மாதம் ஒருதரம் ஆடி நின்றது.

பகலில் கெய்சர் வீதியில்
மற்றவர்களின் கோடிகளைக் கூட்டுகிறேன்,
துணிப் பேல்களுக்கு நடுவில்.
கடைசிச் சதம் சரிவரும்வரை எழும்புவதில்லை.
இரவில் என்னுடைய கொப்பி.
வலப்பக்கம் வந்தது, இடப்பக்கம் போனது.
ஏனடி மாத்தி எழுதுறாய் என்றாள் ரிஸானா.
போனதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நூறாம் இலக்க பஸ், மழையென்றாலும்.
கொத்து மாதத்தில் ஒருதரம், அதுவும் அரை.
கடைவாய்ப் பல்: அடுத்த வருடம்.
அடுத்த வருடமும் அதே வரியை எழுதினேன்,
மூன்றாம் வருடம் எழுதத் தேவையிருக்கவில்லை,
பல் போய்விட்டது.
அதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று
கொஞ்ச நேரம் பேனாவோடு இருந்தேன்.

டொலர் ஏறிய கிழமை
நான் சேர்த்துவைத்த வீடு படுக்கையறையை இழந்தது.
அடுத்த மாதம் குசினியை.
சித்திரை முடிய மிஞ்சியது ஒரு பல்கனி,
அதுவும் கம்பி இல்லாமல்.

ஸ்காபரோவிலிருந்து அண்ணன் எடுத்தார்.
“மிச்சத்தை நான் போடுறன்.
உறுதியில என்ர பேரையும் போடு.
நாளைக்கு உனக்கு ஒண்டெண்டால்...”
அந்த நாளைக்கை
நான் தனியாக அடைத்தேன்,
பத்தொன்பது மாதச் சம்பளத்தால்.

புரோக்கர் நௌஷாட் குளியலறை யன்னலைத் திறந்து
“கடல் தெரியும் மிஸ்” என்றான்.
தெரிந்தது.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்
ஒரு ரிப்பன் அகலக் கடல்.
அதற்கு மூன்று லட்சம் கூட.
“கடல் வேண்டாம்,
யன்னலை ஆணி அடிச்சு மூடித் தாங்கோ.”
ஒன்றரைக்கு இறங்கினான்.

வங்கியில் திலினி படிவத்தை நிரப்பினாள்.
வாழ்க்கைத்துணையின் பெயர்.
அவள் பேனா நின்றது.
கோடு போடுங்கோ என்றேன்.
அடிமட்டம் எடுத்து நேராகப் போட்டாள், நல்ல பிள்ளை.
பிணைக்கு இரண்டு பேர் வேண்டும்.
ரிஸானா வாசிக்காமல் கையெழுத்து வைத்தாள்.
வாசியடி என்று
வங்கி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.
அவள் மூடியைப் பேனாவில் செருகியபடி
பசிக்குது வா என்றாள்.
அன்றைக்கு முழுக் கொத்து. இரண்டு.
இடப்பக்கத்தில் எழுதவில்லை.

தெஹிவளை, நான்காம் மாடி.
லிஃப்ட் மூன்றாம் மாடியோடு மனம் மாறிவிடும்.
ஐந்நூற்று நாற்பது சதுர அடியையும்
வெறுங்காலால் ஒருதரம் நடந்து சரிபார்த்தேன்.
பிறகு, கடையில் இரவலாக வாங்கிய சுத்தியல்.
கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே
பென்சிலால் ஒரு புள்ளி.

முதல் ஆணி வளைந்தது.
கொங்கிரீட்.
இரண்டாவது தெறித்து எங்கேயோ விழுந்தது.
கீழ்வீட்டிலிருந்து யாரோ சிங்களத்தில்
இப்போது நேரம் என்ன தெரியுமா என்று கேட்டார்கள்.
தெரியும். ஒன்பதரை.
மன்னியுங்கோ என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்,
சிரிப்பு வந்துவிட்டது.

கொப்பியை எடுத்தேன்.
ஆணி இரண்டு: இருபது ரூபா.
துளைபோட ஆள்: விசாரிக்க வேண்டும்.
தவணை: இன்னும் இருநூற்று நாற்பது மாதம்.

கலண்டரைக் கதவுக் கைபிடியில் மாட்டினேன்.
வெளியே போக ஒன்றுமில்லை,
சும்மா ஒருதரம் திறந்து மூடினேன்.
ஆடியது.