ப. 14

முக்கூடலில் ஆறு மணிக் கடைக்கு
இன்னும் முந்நூறு பீடி பாக்கி.
மடியிலிருந்து சொளவை இறக்காமல்
"வாசி பிள்ள, காது சும்மாதான இருக்கு" என்றாள்.

வாசித்தேன்.
ஆய்வின் நோக்கம். கால அளவு நாற்பத்தைந்து நிமிடம்.
பங்கேற்பதால் தங்களுக்கு நேரடிப் பலன் எதுவுமில்லை.
"அத மொதல்லயே சொல்லிட்ட, நல்லது."
இலையில் தூளை நிரவி, உருட்டி,
நூல் சுற்றித் தலையை மடக்கினாள்.

எப்போது வேண்டுமானாலும் தாங்கள் விலகிக்கொள்ளலாம்,
காரணம் கூற வேண்டியதில்லை.
கை நின்றது.
"இன்னொரு மட்டம் வாசி."
வாசித்தேன்.
"இப்படி ஒரு வரி
எங்க கல்யாணப் பத்திரிகையில அடிக்கல பாத்தியா."
சிரித்ததில் தூள் பறந்து
இரண்டு பேருக்கும் தும்மல்.

தங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது.
இதைக் கொஞ்சம் பெருமையாகவே வாசித்திருப்பேன்.
இந்த முறை சிரிப்பில்லை.

"கடைப் பாஸ்புக்கு மதினி பேர்ல. சுயம்புகனி.
அவ பம்பாய் போயி பதினோரு வருசம்.
நான் சுத்துத பீடிக்கு அவளுக்குப் பணம் ஏறுது.
ரேசன் கார்டுக்காரன் என் பேர்ல ஒரு எழுத்த முழுங்கிட்டான்.
ஆதார் மிசினுக்கு விரலே தெரியலையாம்,
ரேகை தேஞ்சு போச்சுங்கான்.
இப்ப நீயும் வந்து
பேரு வேண்டாங்கே."

பாதுகாப்புக்குத்தான் அக்கா, என்றேன்.
"யாருக்கு?"

ரேகை மையைத் தள்ளி வைத்துவிட்டு
விரலைச் சேலையில் துடைத்து
கோட்டுக்கு மேலே, கொஞ்சம் வெளியேயும்,
கையெழுத்துப் போட்டாள்.

ஒலிப்பதிவை அணைத்த பிறகு
கட்டுகளை எண்ணிக்கொண்டே வேறொன்று சொன்னாள்.
சொல்லி முடித்து,
"இது உனக்கு. தாளுக்கில்ல."

அன்றைக்குக் கடைக்காரன் நாற்பது பீடியைக் கழித்தானாம்,
பேச்சு வாக்கில் சுற்றியதில் தூள் குறைவு என்று.
படிவத்தில் இடர்கள் என்ற கட்டத்தில்
ஏதுமில்லை என்று எழுதியிருந்தது
என் கையெழுத்துதான்.

அறிக்கையில் அவள் ப. 14.
நாற்பதாம் பக்கம், மேற்கோள் குறிக்குள் மூன்று வரி.
குழுவுக்கு இருமுறை எழுதிக் கேட்டுப் பார்த்தேன்.
விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் வந்தது.

இதற்குக் குழு கிடையாது.
போனில் கேட்டேன்.
"போடு. எழுத்து விட்டுறாத" என்றாள்.
பின்னால் நூல் அறுக்கிற சத்தம்.

பிரம்மசக்தி.
ம் ஒன்று, ம ஒன்று. சரிபார்த்துவிட்டேன்.

தாளுக்கில்லை என்றது
இங்கேயும் இல்லை.