லாஸ்ட் ப்ரைஸ்

ஷார்ஜா, அல் நஹ்தா, பதினோராவது மாடி.
விசா முடிய இன்னும் பத்தொன்பது நாள்.
கட்டில் போயிற்று, சோபா போயிற்று.
மிச்சம் ஏழு கிலோ வாஷிங் மெஷினும்
அதன் தலையில் மிக்ஸியும் நானும்.

படம் எடுத்துப் போட்டேன்: நானூறு திர்ஹம்.
கீறல் விழுந்த பக்கத்தையும் எடுத்தேன்.
நாளைக்கு யாரும் ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது.

மூன்றாவது நிமிடம் ஒருவர் வந்தார்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ராஜாளி.
"எடுத்துக்கொள்கிறேன் சிஸ்டர்."
அவ்வளவுதான்.
எத்தனை வருடம் ஓடியது என்று கேட்கவில்லை.
ஒழுகுமா என்று கேட்கவில்லை.
லாஸ்ட் ப்ரைஸ் கேட்கவில்லை.

பதினாலு வருடமாக இருக்கிறேன் இந்த ஊரில்.
ஓடாத கடிகாரத்துக்கும் லாஸ்ட் ப்ரைஸ் கேட்பார்கள்,
சும்மா எடுத்துப் போ என்றால்
டெலிவரி உண்டா என்பார்கள்.
அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.
சந்தோஷத்துக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ரசீது வந்தது.
வங்கியின் பச்சை, வங்கியின் முத்திரை,
என் பெயர்கூட எழுத்துப்பிழை இல்லாமல்.
தொகை: நாலாயிரம்.

"ஐயோ சிஸ்டர், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது.
மகளின் பள்ளிக் கட்டணம் அது.
மூவாயிரத்து அறுநூறை இந்த எண்ணுக்கு
உடனே திருப்பிவிடுங்கள்.
வண்டி கிளம்பிவிட்டது."

அடுத்தவர் காசு கையில் இருந்தால்
எனக்குச் சோறு இறங்காது.
இது அவனுக்கு எப்படித் தெரிந்தது?
கீறலைப் படம் எடுத்தேனே, அதிலிருந்தா?

மக்தூம் இரவு ஷிப்டில், அவர் போன் லாக்கரில்.
என் விரல் அடித்தே விட்டது:
மூன்று, ஆறு, பூஜ்யம், பூஜ்யம்.
அனுப்பு என்ற பொத்தானுக்கு மேலே
சின்ன எழுத்தில் என் இருப்பு.
மூவாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு,
ஐம்பது ஃபில்ஸ்.
காலையில் பார்த்த அதே தொகை.
அதே ஐம்பது ஃபில்ஸ்.

வந்திருந்தால் கூடியிருக்கும்.
இரண்டாம் வகுப்புக் கணக்கு.
அதைப் போட்டு முடிக்க எனக்கு நாலு நிமிடம்,
நாலு நிமிடமும்
அவன் மகளுக்காக வருந்திக்கொண்டிருந்தேன்.

"என் கணக்கில் ஏறட்டும், அனுப்புகிறேன்."
"இன்று வெள்ளி, திங்கள்தான் காட்டும் சிஸ்டர்."
"அப்போ திங்கள்."
"போலீஸுக்குப் போவேன்."
"நானும் வருகிறேன், எந்த ஸ்டேஷன்?"
ராஜாளி பறந்துவிட்டது.

ஏழாம் மாடி லில்லி புஷ்பம்
போன மாதம் குழந்தை வண்டி விற்கப் போய்,
பணம் பெற இங்கே தொடவும் என்ற இடத்தில்
கார்டு எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு அழுதாள்.
"காசு வாங்குகிறவளிடம் எதுக்குடி சாவி கேட்கிறான்?"
அன்று கேட்டது நான்தான்,
பெரிய அறிவாளி மாதிரி.

ஒன்பதரைக்கு மரிவிக் வந்தாள்.
கிளினிக் நர்ஸ், மணிலாக்காரி,
பின்னால் டிராலியோடு அவள் தம்பி.
செருப்பைக் கழற்றும் முன்பே:
"லாஸ்ட் ப்ரைஸ்?"
கட்டிப்பிடித்திருப்பேன்.

முந்நூறு என்றாள், முந்நூற்றெழுபது என்றேன்.
டிரம்முக்குள் தலையை விட்டு மோந்தாள்.
பையிலிருந்து தன் சீருடையை எடுத்துப் போட்டு
ஓட்டிக் காட்டு என்றாள்.
நாற்பத்திரண்டு நிமிடம்
நான் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டும்
அவள் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டும்
கண்ணாடிக்குள் நீலம் சுற்றுவதைப் பார்த்திருந்தோம்.

முந்நூற்றைம்பது.
ஒவ்வொரு நோட்டையும் விளக்குக்கு நேரே பிடித்தேன்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை.
தரை ஈரமா என்று
கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு
தரையில் நாலு வட்டத் தடம்,
ஒன்றின் மேல் மடித்த அட்டை.
இடது முன்கால் குட்டை. சொல்லாமல் விட்டேன்.
சன்னலில் எட்டிப் பார்த்தேன்:
வண்டி இன்னும் கிளம்பவில்லை.
அட்டையோடு லிஃப்டுக்கு ஓடி, கீழே போய்,
மூச்சு வாங்கச் சொன்னேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள் மரிவிக்.
"அப்போ இருபது குறைப்பாயா?"