இரண்டு ஏழுகள்

ஃபஹாஹீல் ஜம்இய்யாவின் மேல்மாடிக் கூடம்.
வட்டார வரலாற்றுக் கண்காட்சி, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.
எனக்குக் கிடைத்தது இருபத்து மூன்றாம் மேசை,
கழிப்பறைக் கதவை ஒட்டி.
வலப்பக்கம் காசர்கோட்டு மொய்தூட்டி,
மூடிப்போன ஒரு சாயாக்கடையின்
விலைப்பட்டியலும் ஒன்பது கிளாசும்.
இடப்பக்கம் யாரும் வரவில்லை, மேசைவிரிப்பு மட்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
பொருள்களை எவ்வாறு பெற்றீர்கள்?
பொறுக்கினேன்னு போடு, என்றான் சந்தியாகு.
அரபியில் எழுதித் தந்த பையனோ
'மீட்டவை' என்று அட்டையே அடித்துவிட்டான்.
பிரேக்கர் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சொல்
இரண்டு அளவு பெரிய சட்டை.

முப்பத்தொரு வீட்டு எண் தகடுகள்.
எந்திரத்தைக் கிளப்புமுன்
வாசலில் கழற்றியவை.
ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்வேன்,
முதல் தகட்டை எடைக்குப் போடத்தான் எடுத்தேன்.
வெறும் தகரம் என்று திருப்பித் தந்தான் கடைக்காரன்.
அப்புறம் பழகிவிட்டது.

மதியம்வரை நாற்பது பேர் வந்தார்கள்,
நாற்பது பேரும் கழிப்பறை எது என்றார்கள்.

மூன்றரை மணிக்கு அந்தப் பெண்.
கீழே கடையில் வாங்கிய தக்காளிப் பெட்டியை
பன்னிரண்டின்மீதும் நாற்பதின்மீதும் இறக்கிவைத்து,
அரபியும் உருதும் உடைந்து கலந்த
எங்கள் எல்லாருடைய பாஷையில் கேட்டார்:
ஏன் இரண்டு ஏழு?

ஒரே தெரு, ஒரே வாரம்.
நகராட்சிக்காரர்களின் தவறு என்றேன்.
ஒரு ஏழு ஏழரையாகும், இதில் இரண்டா என்று
சந்தியாகு அன்றைக்கே சிரித்திருந்தான்.

அவர் குனிந்தார்.
ஒரு தகட்டின் ஓரத்தில்
பச்சைப் பெயின்ட் நூலாக வழிந்திருந்தது.
அப்பா கேட்டுக்குப் பூசிய அன்று தெறித்தது, என்றார்.
பெயின்ட் எங்காவது மேல்நோக்கி வழியுமா?

பதினோரு வருடம்.
ஒவ்வொரு ரமலானுக்கும் எடுத்துத் துடைத்துவைத்தேன்.
துடைத்த துணிக்காவது தெரிந்திருக்கும்.

தகட்டைச் சுற்றித் திருப்பிவைத்தார்.
அரபி ஏழு
வாய் பிளந்த ஒரு குழி.
தலைகீழாக்கினால் அதுவே எட்டு,
ஒரு கூரை.

யார் இடித்தது, என்று கேட்டார்.
அந்தக் கேள்விக்கு மட்டும்
எனக்குப் பாஷை தட்டவில்லை.
அனா, என்றேன்.

மைக்கில் குலுக்கல் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
மொய்தூட்டி ஒரு கிளாசை எடுத்து
இல்லாத அழுக்கைத் துடைத்தார்.

எங்கள் சமையலறைக் கதவு இறுகிப்போகும், என்றார் அவர்.
தோளால் இடித்தால்தான் திறக்கும்.
நீ எப்படித் திறந்தாய்?
திறக்கவில்லை, என்றேன்.

சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
மூக்கிலிருந்து ஒரு மூச்சு வந்தது, அவ்வளவுதான்.
தகட்டை நீட்டினேன்.
இப்போது பதினாறாம் மாடி, என்றார்,
அங்கே வேறு எண் இருக்கிறது.
இது இங்கேயே இருக்கட்டும், நேராக.

தக்காளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
பெயரைக் கேட்க மறந்தேன்.
கேட்டிருந்தால் எங்கே எழுதுவது?

மிச்ச நேரம் முழுக்க
ஒவ்வொரு தகடாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றை எப்படிப் பிடித்தாலும் ஒன்று.
அந்த இன்னொரு ஏழு மட்டும்
சொட்டுமில்லை, கீறலுமில்லை,
நான்கு மூலையிலும் ஆணித்துளை.
நட்டுவைத்தால் நிற்கிறது, கவிழ்த்தாலும் நிற்கிறது.
கடைசியில் படுக்கப்போட்டேன்.

அட்டையில் 'மீட்டவை'க்குக் கீழே
தமிழில் எழுதினேன்: இடித்தவன், அருள்சீலன்.
கூடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள்
நானும் சந்தியாகுவும்.
எழுத்துப்பிழை இல்லை என்றான் அவன்.

கலையும்போது கருத்துப் படிவம் தந்தார்கள்.
அடுத்த ஆண்டு மேசையை மாற்ற விருப்பமா?
வேண்டாம் என்று குறியிட்டேன்.
கழிப்பறைப் பக்கமே இருக்கட்டும்.
வருகிற யாராயிருந்தாலும்
ஒரு தடவையாவது
இந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும்.