முப்பத்திரண்டு கிராம்

ஓலு நகரில் ஜனவரிச் சூரியன்
பத்து மணிக்கு மேல் வேலைக்கு வந்து
இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடும்.
கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மேசைமேல் ஒரு கன்ட்ரோலர்
வயிறு திறந்து கிடந்தது.
பக்கத்தில் என் விலைத்தாள்.
பெட்டிமேல் அச்சாக வேண்டிய எண்
போன வருடமே முடிவாகியிருந்தது:
நூற்று எண்பத்தொன்பது யூரோ.
இருநூறு என்றால் யோசிப்பார்கள்,
நூற்றைம்பது என்றால் சந்தேகப்படுவார்கள்
என்றான் ஆந்தி.
செருப்பு தயார்.
காலைச் செதுக்குவதுதான் பாக்கி.

சுவி காந்த ஸ்டிக் கேட்டாள்.
உரசாது, தேயாது,
எத்தனை லட்சம் முறை சாய்த்தாலும்
நடுவுக்குத் திரும்பிவிடும்.
இரண்டுக்கும் சேர்த்து மூன்று யூரோ பத்து சென்ட் கூடுதல்.
மூன்று யூரோதானே, என்றாள்.
ஒன்றில் அது மூன்று யூரோ,
அறுபதாயிரத்தில்
வேறு மிருகம்.

எதை விடுவது?
பின்பக்கத் துடுப்புகளையா? விளம்பரப் படமே அவைதான்.
ஜிப் வைத்த பையையா?
அதைத் திறக்கும்போதுதான்
காசு கொடுத்த கை சமாதானமாகிறது.
பேட்டரியைச் சிறிதாக்கலாம்,
ஏற்கெனவே இரண்டு முறை ஆக்கியிருந்தோம்.

போதாக்குறைக்கு, அது லேசாக இருந்தது.
லேசு நல்லதுதான்.
நான்கு மணிநேரம் ஆடிப்பார்த்து
மணிக்கட்டு வலிக்கவில்லை என்று
லெம்மிக்கி எழுதியே கொடுத்திருந்தாள்.
கடையில் யார் நான்கு மணிநேரம் பிடித்துப் பார்க்கிறார்கள்?
நான்கு நொடி.
நான்கு நொடியில் கனம் மட்டும்தான் பேசும்.

யோசனை என்னுடையது.
ஓர் எஃகுத் தகடு,
முப்பத்திரண்டு கிராம், பதினெட்டு சென்ட்.
எதையும் தாங்காது, எதையும் இணைக்காது,
கனப்பது ஒன்றே அதன் உத்தியோகம்.
கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.
இப்போதுதான் இது நூற்று எண்பத்தொன்பது, என்றான் ஆந்தி.
சுவி ஒன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
பனியில் சைக்கிளை உருட்டிப் போனாள்.

அடுத்த அக்டோபரில் பெட்டிகள் திரும்பத் தொடங்கின.
கெமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்
ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்:
நான் கையை எடுத்த பிறகும்
என் ஆள் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறான்.
நேற்று பாறையிலிருந்து விழுந்துவிட்டான்.
கோபமில்லை அந்த எழுத்தில்.
பை நன்றாக இருக்கிறது என்றும் சேர்த்திருந்தார்.

மாற்றிக் கொடுத்த செலவை நான்தான் கூட்டினேன்.
விற்ற ஒவ்வொன்றுக்கும் சராசரி
இரண்டு யூரோ தொண்ணூறு.
மூன்று பத்தைவிடக் குறைவு.
இரண்டு முறை சரிபார்த்தேன்,
குறைவுதான்.
கணக்குப்படி
நான் செய்ததில் தப்பே இல்லை.

கெமிக்காரருடையதை நானே பிரித்தேன்.
ஆறு ஸ்க்ரூ.
இடது ஸ்டிக்கின் கரித்தடம்
ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.
எவ்வளவு ஓடியிருக்கிறான் மனிதன்.
தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
சமையலறை மேசைக்கு ஒரு கால் கட்டை,
வாங்கிய நாளிலிருந்தே ஆட்டம்.
அடியில் சொருகினேன்.
காபி இப்போது ததும்புவதில்லை.

சுவியிடம் சொல்லவில்லை.